ஃப்ரோஸன் காய்கறி ஏர் ஃப்ரையர்ல ஏன் சொதசொதன்னு ஆகுது?

ஒரே மெஷின், ஒரே 200 டிகிரி. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸை போட்டா மொறுமொறுன்னு வருது, அதே ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ப்ரோக்கோலியை போட்டா பூ நுனியெல்லாம் கருகி, தண்டு மட்டும் பிழிஞ்சா தண்ணி வர்ற மாதிரி சொதசொதன்னு இருக்கு. நானும் ரொம்ப நாள் டைமை ரெண்டு நிமிஷம் கூட்டி, ரெண்டு நிமிஷம் குறைச்சு பாத்துட்டே இருந்தேன், ஒண்ணும் மாறல, ஏன்னா கோளாறு டைம்ல இல்லவே இல்ல, பாக்கெட்டுக்குள்ள வந்து சேர்றதுக்கு முன்னாடி அந்தக் காய்க்கு என்ன நடந்திருக்குங்கறதுல இருக்கு.

ஃப்ரைஸை எடுத்துக்கங்க. ஃபேக்டரில உருளைக்கிழங்கை வெட்டி, சுடுதண்ணில போட்டு எடுத்து, சூடான காத்துல மேல்பக்கத்தை உலர்த்தி, எண்ணெய்ல ஒரு தரம் அரைவாசி பொரிச்சு, அதுக்கப்புறம் தான் உறைய வைக்கறாங்க. அதாவது நாம வாங்குறப்பவே மேல ஒரு காஞ்ச தோல் உருவாகி, எண்ணெயும் ஏறி இருக்கு, நாம பண்றது மீதி பாதி வேலை தான். ப்ரோக்கோலி, பீன்ஸ், காலிஃப்ளவர், கேரட்டுக்கெல்லாம் அந்த உலர்த்தலும் கிடையாது எண்ணெயும் கிடையாது. வெட்டி, சுடுதண்ணிலயோ ஆவிலயோ சில நிமிஷம் காட்டி, உடனே குளிர வச்சு, அப்படியே உறைய வைக்கறது. அதனால ஈரமான ஒரு காய், அந்த ஈரம் முழுக்க ஐஸா மாறின நிலைல நம்ம கைக்கு வருது.

அந்த சுடுதண்ணி வேலைக்கு பேரு பிளாஞ்சிங். இது எதுக்குன்னா, காயை பறிச்ச பிறகும் உள்ள இருக்கற என்ஸைம்கள் சும்மா இருக்காது, மைனஸ் 18 டிகிரில கூட மெதுவா வேலை பாத்துட்டே இருக்கும், மாசக்கணக்குல ஆகும்போது நிறம் மங்கும், வைக்கோல் மாதிரி ஒரு வாடை வரும். அந்த வாடைக்கு முக்கியமான காரணம் லிபாக்ஸிஜனேஸ்னு ஒரு என்ஸைம். பெராக்ஸிடேஸ்னு இன்னொண்ணு இருக்கு, சூட்டை ரொம்பவே தாங்கும், அதனால அது செத்துடுச்சான்னு டெஸ்ட் பண்ணி பாத்துட்டு பிளாஞ்சிங் சரியா நடந்திருக்குன்னு முடிவு பண்ற வழக்கம் இந்தத் துறைல ரொம்ப நாளா இருக்கு. நமக்கு இதுல தெரிஞ்சுக்க வேண்டியது, ஃப்ரோஸன் காய் பாதி வெந்த காய். இதை வேக வைக்க பெருசா மெனக்கெட வேண்டியதில்ல. ஏர் ஃப்ரையர்ல நாம பண்ண வேண்டிய நிஜமான வேலை தண்ணியை விரட்டறது, அப்புறம் மேல லேசா சிவக்க வைக்கறது. இதை மனசுல வச்சுக்கிட்டா மத்த எல்லா குழப்பமும் தானா தெளிஞ்சிடும்.

அடுத்தது உறைய வைக்கறது. தண்ணி ஐஸாகறப்ப சுமார் 9 சதவீதம் கொள்ளளவு கூடும். மெதுவா உறைஞ்சா பெரிய பெரிய ஐஸ் படிகங்கள் வளந்து செல் சுவரை கிழிச்சுடும், வேகமா உறைஞ்சா சின்னச் சின்ன படிகங்களா நின்னுடும், சேதம் குறையும். இதை ஒரு தொழிலா மாத்தினவர் அமெரிக்காவோட க்ளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1910கள்ல கனடாவோட லாப்ரடார் பக்கம் இருந்தப்ப, அங்க வாழற இன்யூட் பழங்குடி மக்கள் பிடிச்ச மீன் அந்தக் கடுங்குளிர்ல பட்டுன்னு உறைஞ்சு போறதையும், ரொம்ப நாள் கழிச்சு சமைச்சாலும் புதுசா பிடிச்சது மாதிரியே இருக்கறதையும் கவனிச்சார். 1930ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஸ்ப்ரிங்ஃபீல்டுங்கற ஊர்ல அவரோட முறைல உறைய வச்ச மீன், இறைச்சி, காய்கறி, பழமெல்லாம் முதல் தடவையா கடைல வித்தாங்க. இன்னிக்கு பட்டாணி, மக்காச்சோளம் மாதிரி சின்னதுங்களை கீழ இருந்து குளிர்காத்தை ஊதி, காத்துலயே மிதக்க விட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம உறைய வைக்கறாங்க, அதனால தான் பாக்கெட்டை கவுத்தா தனித்தனியா உருண்டு விழுது. (உங்க பாக்கெட்ல காயெல்லாம் ஒரே கட்டியா ஒட்டி இருந்துச்சுன்னா வழில எங்கயோ உருகி மறுபடி உறைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், அந்தப் பாக்கெட் எப்படி போட்டாலும் மொறுமொறுன்னு வராது.) ஆனா எவ்ளோ வேகமா உறைய வச்சாலும் கொஞ்சம் கிழிசல் இருக்கத்தான் செய்யும், பிளாஞ்சிங்ல வேற செல் சுவர் ஏற்கனவே தளந்திருக்கு. அதனால ஐஸ் உருகுற நிமிஷமே தண்ணி வெளிய கசிய ஆரம்பிக்குது. பச்சைக் காய்ல தண்ணி செல்லுக்குள்ள பூட்டி இருக்கும், இதுல பூட்டு உடைஞ்சிருக்கு.

எவ்ளோ தண்ணின்னு பாத்தா பிரச்சனையோட அளவு புரியும். ப்ரோக்கோலி, பீன்ஸ் ரெண்டுமே எடைல கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணி, காலிஃப்ளவர் அதைவிட கொஞ்சம் கூட, கேரட் 88. 300 கிராம் ப்ரோக்கோலின்னா 270 கிராம் தண்ணி. மைனஸ் 18ல இருந்து 0 டிகிரிக்கு கொண்டு வர சுமார் 10 கிலோஜூல் போதும். ஆனா 0 டிகிரி ஐஸை 0 டிகிரி தண்ணியா மாத்த மட்டும், சூடு ஒரு டிகிரி கூட ஏறாமலே, 90 கிலோஜூல் போயிடும். அங்க இருந்து 100 டிகிரிக்கு இன்னொரு 120. மேல மொறுமொறுப்பு வர்றதுக்கு மூணுல ஒரு பங்கு தண்ணி ஆவியா போகணும்னு வச்சுக்குவோம், அதாவது 90 கிராம், அதுக்கு மட்டும் 200 கிலோஜூல். மொத்தத்துல பாதிகிட்ட கடைசி கட்டத்துக்கே போகுது பாருங்க, ஒரு கிராம் ஐஸை உருக்க 80 கலோரி சூடு போதும், ஒரு கிராம் தண்ணியை ஆவியாக்க 540 கலோரி வேணும், ஏழு மடங்கு. 1500 வாட் மெஷின் 12 நிமிஷம் விடாம எரிஞ்சா 1080 கிலோஜூல் கொடுக்கும், அதுல பாதிக்கு மேல சூடான காத்தா வெளிய போயிடும், பாத்திரத்தை சூடு பண்ணவும் போயிடும், மீதி தான் காய்க்கு. அதனால 300 கிராமுக்கு கணக்கு சரியா பொருந்துது. அதே நேரத்துல 600 கிராம் போட்டா 840 கிலோஜூல் காய்க்குள்ள போயாகணும், அது நடக்கவே நடக்காது. பாக்கெட் முழுசையும் ஒரேயடியா கொட்டறவங்களுக்கு ஏன் வரலைன்னா இதான், அவங்க சமையல் தெரியாதவங்க இல்ல, சூட்டோட கணக்கு இடிக்குது.

இன்னொரு விஷயம் இதோட சேந்தது. மேல்பக்கம் ஈரமா இருக்கற வரைக்கும் அந்த இடத்தோட சூடு 100 டிகிரியை தாண்டாது, சுத்தி 200 டிகிரி காத்து அடிச்சாலும் சரி, வர்ற சூடெல்லாம் தண்ணியை ஆவியாக்கவே செலவாயிடும். ஆனா பொன்னிறம், அந்த வறுத்த வாசனை, இதெல்லாம் வர்றது மெயார் வினைனு சொல்ற ஒண்ணால, 1912ல பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமீய் மெயார் எழுதினது, அமினோ அமிலமும் சர்க்கரையும் சேந்து நடக்கறது, அது வேகம் பிடிக்கறது சுமார் 140 டிகிரிக்கு மேல. ஈரம் போனா தான் 140 எட்டும். ப்ரோக்கோலில பூ நுனி மெல்லிசு, சட்டுன்னு காஞ்சு 140ஐ தாண்டி கருகிடும், தண்டு கனம், உள்ள இருந்து தண்ணி வந்துட்டே இருக்கும், அது 100லயே நிக்கும். ஒரே துண்டுல ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் சொதசொதன்னு இருக்கறது இதனால தான்.

இப்ப மெஷின் பக்கம் வருவோம். ஏர் ஃப்ரையர்ல பொரிக்கறதுன்னு ஒண்ணும் நடக்கல, மேல ஒரு சூடாக்குற கம்பி, அதுக்கு மேல ஒரு ஃபேன், கீழ ஓட்டை போட்ட கூடை, இது ஒரு சின்ன கன்வெக்ஷன் அவன் (oven), அதாவது ஃபேன் வச்சு சூடான காத்தை சுத்த விடற அடுப்பு. டச்சுக்காரர் ஃப்ரெட் வான் டெர் வெய் உருவாக்கின வடிவத்தை பிலிப்ஸ் கம்பெனி 2010ல வெளிய கொண்டு வந்துச்சு, அதுக்கப்புறம் தான் இந்தப் பேரு எல்லா சமையலறைக்கும் போச்சு. ஆனா எனக்கு பிடிச்ச கதை அதுக்கும் முன்னாடி உள்ளது. 1940கள்ல அமெரிக்காவுல வில்லியம் மேக்ஸன்னு ஒருத்தர் வேர்ல்விண்ட் அவன்னு ஒண்ணு பண்ணினார், ஃபேன் வச்சு சூடான காத்தை சுழற்றுற சின்ன அவன், எதுக்குன்னா கடற்படையோட விமானத்துல நீண்ட தூரம் போறவங்களுக்கு உறைய வச்ச சாப்பாட்டை சூடு பண்ணிக் கொடுக்க. அதாவது ஃபேன் வச்ச குட்டி அவனும் ஃப்ரோஸன் சாப்பாடும் எண்பது வருஷத்துக்கு முன்னாடியே சேந்து தான் கிளம்பிருக்கு.

ஃபேன் என்ன பண்ணுதுன்னா, ஈரத்துணியை காத்து இல்லாத ரூம்ல போட்டா காயாது, மாடில காத்துல போட்டா சீக்கிரம் காயும் இல்லையா, அதே தான். காயைச் சுத்தி ஈரக்காத்து ஒரு போர்வை மாதிரி ஒட்டிட்டு இருக்கும், அதை ஃபேன் அடிச்சு விலக்கிட்டே இருக்கணும், விலக்கின ஆவி பின்பக்க ஓட்டை வழியா வெளிய போகணும். கூடைல காயை ரெண்டு மூணு அடுக்கா குவிச்சா காத்து நடுவுல நுழையாது, அடில இருக்கறதோட ஆவி மேல இருக்கறதுல படும், நீங்க வாங்கினது ஏர் ஃப்ரையர் ஆனா உள்ள நடக்கறது ஆவில அவிக்கற வேலை. மெஷினை சுவரோட ஒட்டி வச்சு அந்தப் பின் ஓட்டையை அடைச்சு வைக்கறதும் இதே கதை தான், கொஞ்சம் தள்ளி வைங்க.

சரி, என்ன செய்யணும். முதல்ல, உருக வைக்காதீங்க. உருக வச்சுட்டு போட்டா ஐஸை உருக்குற சூடு மிச்சம் தானேன்னு தோணும், கணக்குப்படி அது சரி தான், ஆனா உருகிட்டு இருக்கற நேரத்துல கிழிஞ்ச செல்லுல இருந்து தண்ணி கசிஞ்சு காய் தொளதொளன்னு ஆயிடும், அந்தத் தண்ணி மேல்பக்கம் முழுக்க பூசி நிக்கும். உறைஞ்ச நிலைல நேரா சூட்டுக்குள்ள போனா வெளிப்பக்கம் உருகுறதும் ஆவியாகுறதும் கிட்டத்தட்ட சேந்தே நடக்கும், கசிய நேரம் கம்மி. அப்புறம் பாக்கெட் அடில கிடக்கற பனித்தூளை காயோட சேத்து கொட்டாதீங்க, கையால அள்ளி போடுங்க, இல்ல சல்லடைல ஒரு தட்டு தட்டுங்க. 20 கிராம் பனித்தூள் முழுசா ஆவியாகணும்னா 60 கிலோஜூல் சாப்பிடும், மேல சொன்ன 300 கிராம் ப்ரோக்கோலியோட ஐஸை உருக்குற செலவுல மூணுல ரெண்டு பங்கு அது, ஒண்ணுத்துக்கும் உதவாத தண்ணிக்கு.

மெஷினை 200 டிகிரில மூணு நிமிஷம் காலியா ஓட விட்டு சூடாக்கிட்டு, காயை ஒரே அடுக்கா பரப்பிப் போடுங்க. எண்ணெய் இப்ப வேண்டாம், இதை நான் அழுத்தியே சொல்றேன், ஏன்னா முதல்லயே எண்ணெயை கலந்து போடச் சொல்லி தான் பெரும்பாலும் சொல்லித் தர்றாங்க. மைனஸ் 18 டிகிரி காய் மேல எண்ணெய் பட்டா கெட்டியாகி அங்கங்க திட்டா நிக்கும், சரியா பரவாது, அப்புறம் ஐஸ் உருகி தண்ணி ஓடறப்ப அதோடவே வழிஞ்சு அடில போயிடும். நாலஞ்சு நிமிஷம் வெறுமனே ஓட்டுங்க, கூடையை வெளிய எடுத்து பாத்தா அடித்தட்டுல தண்ணி தேங்கி இருக்கும், அதை கொட்டுங்க, கொட்டலைன்னா அது சூடாகி ஆவியா மேல வந்து மறுபடி காயை நனைக்கும். அதுக்கப்புறம் 300 கிராமுக்கு ஒண்ணு இல்ல ரெண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டு நல்லா குலுக்குங்க. எண்ணெய் ருசிக்கு மட்டும் இல்ல, அது தண்ணி மாதிரி 100 டிகிரில ஆவியாகாது, பூவோட மடிப்புக்குள்ள எல்லாம் போய் சூட்டை கடத்தும், சிவக்கறது ஒரே சீரா வரும். லெசித்தின் கலந்த ஸ்ப்ரே டின் மட்டும் வேண்டாம், அது நான்ஸ்டிக் கோட்டிங்ல பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு நாளடைவுல கெடுத்துடும், சாதாரண எண்ணெயை ஒரு பாட்டில்ல ஊத்தி அடிச்சுக்கலாம்.

உப்பு கடைசில. முன்னாடியே போட்டா உள்ள இருக்கற தண்ணியை வெளிய இழுக்கும், அது போக கரைஞ்சு வழிஞ்சு பாதி உப்பு அடித்தட்டுக்கு போயிடும், சாப்பிடறப்ப சப்புன்னு இருக்கும். மிளகாய்த்தூள், பூண்டுப்பொடி இதெல்லாம் கடைசி ரெண்டு நிமிஷத்துல, 200 டிகிரில ஃபேன் காத்துல அது பத்து நிமிஷம் தாங்காது, கருகி கசக்கும். எலுமிச்சைச் சாறு வெளிய எடுத்த பிறகு, ஏன்னா பச்சை நிறம் தர்ற குளோரோஃபில்ல நடுவுல ஒரு மக்னீசியம் அணு இருக்கு, சூடும் புளிப்பும் சேந்தா அது கழண்டு போய் காய் ராணுவ உடை நிறத்துக்கு மாறிடும்.

எல்லா காயும் இதுக்கு ஒத்து வராது, இதை யாராவது முன்னாடியே எனக்கு சொல்லி இருக்கலாம். ப்ரோக்கோலி 10ல இருந்து 12 நிமிஷம், பீன்ஸும் அதே அளவு, காலிஃப்ளவர் 15 வரைக்கும், கேரட் துண்டு பெருசா இருந்தா அதுவும் 15 கிட்ட. முளைக்கோஸ் (ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ், குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும்) தான் ரொம்ப பொறுமை கேக்கும், உருண்டையா கெட்டியா இருக்கறதால நடுவுல ஐஸ் உருகவே நேரம் ஆகும், 180 டிகிரில 10 நிமிஷம் ஓட்டி, ரெண்டா வெட்டி, அப்புறம் 200ல சிவக்க விடறது தான் எனக்கு சரியா வந்துச்சு. வெண்டைக்காய் வட்டமா வெட்டினது ரொம்ப அழகா வரும், மெல்லிசு, வெட்டின பக்கமெல்லாம் காத்துல பட்டு கொழகொழப்பு காஞ்சிடும். பட்டாணி வேண்டவே வேண்டாம்னு சொல்வேன், தோல் சுருங்கி உள்ள மாவு மாதிரி ஆகி கடிக்கவே நல்லா இருக்காது, அதுக்கு ஒரு சட்டி தண்ணியும் ரெண்டு நிமிஷமும் போதும். கட்டியா வர்ற கீரையும் அப்படித் தான், மேல காஞ்சு பறக்கும், உள்ள ஐஸ் இருக்கும். கலவைக் காய் பாக்கெட் இன்னொரு தொல்லை, கேரட் வேகறதுக்குள்ள மக்காச்சோளம் கல்லாகும், பட்டாணி சுருங்கும், ஒவ்வொண்ணுக்கும் தண்ணி அளவும் பருமனும் வேற வேற, ஒரே டைம்ல எல்லாத்தையும் திருப்திப்படுத்த முடியாது. மேல சொன்ன நிமிஷமெல்லாம் கூட ஒரு தோராயம், சூட்டை அளக்குற சென்சார் பெரும்பாலும் மேல கம்பி பக்கத்துல இருக்கும், காய் இருக்கற இடத்துல அதே 200 இருக்கும்னு நம்ப முடியாது.

சத்து போயிடுமான்னு கேக்கறவங்களுக்கு: தண்ணில கரையற விட்டமின் சி பிளாஞ்சிங்லயே கொஞ்சம் போயிடுது, அது நிஜம், ஆனா அதுக்கப்புறம் ஃப்ரீசர்ல மெதுவா தான் குறையும், பறிச்சு பல நாள் ஃப்ரிட்ஜ்ல கிடந்த பச்சைக் காயோட ஒப்பிட்டா பல நேரம் ஃப்ரோஸன் தாழ்ந்து போகாது. ஏர் ஃப்ரையர்ல வடிச்சு கொட்டற தண்ணி கம்மிங்கறதால இன்னொரு தரம் பெருசா கரைஞ்சு போறதும் இல்ல. ப்ரோக்கோலில மட்டும் ஒண்ணு சொல்லணும். சல்ஃபோராஃபேன்னு, உடம்புக்கு நல்லதுன்னு பேசப்படற ஒரு பொருள் காய்ல தயாரா இருக்காது, மைரோசினேஸ்ங்கற என்ஸைம் வேலை பாத்தா தான் உருவாகும், பிளாஞ்சிங்ல அந்த என்ஸைம் செத்துடுது. கடுகுல அதே வகை என்ஸைம் இருக்கு, அதனால வெந்த ப்ரோக்கோலி கொஞ்சம் ஆறின பிறகு பச்சைக் கடுகுப்பொடி ஒரு சிட்டிகை தூவினா அந்த வேலை மறுபடி நடக்கும், சோதனைகள்ல இது தெரிஞ்சிருக்கு. வறுத்த கடுகு ஆகாது, அதுல என்ஸைம் போயிருக்கும்.

பாதுகாப்பு விஷயத்துல கொஞ்சம் நின்னு சொல்றேன். பிளாஞ்ச் பண்ணினது தானே, அப்படியே உருக விட்டு சாலட்ல போட்டுக்கலாம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. பிளாஞ்சிங் என்ஸைமுக்காக பண்றது, அதுக்கப்புறம் குளிர வைக்கறப்பவோ பாக்கெட் பண்றப்பவோ கிருமி ஒட்டினா ஃப்ரீசர் அதைக் கொல்லாது, தூங்க மட்டும் வைக்கும். லிஸ்டீரியாங்கற கிருமி ஃப்ரிட்ஜ் குளிர்லயே வளரக் கூடியது. 2018ல ஐரோப்பாவுல 5 நாடுகள்ல பரவின லிஸ்டீரியா நோயை துருவிப் பாத்தப்ப அது உறைய வச்ச மக்காச்சோளத்துல போய் நின்னுச்சு, அந்த அறிக்கை வந்தப்ப 47 பேருக்கு நோய், 9 பேர் இறந்திருந்தாங்க. கர்ப்பமா இருக்கறவங்க, வயசானவங்க இருக்கற வீட்டுல இதை லேசா எடுத்துக்காதீங்க. நடுப்பகுதி 74 டிகிரி தாண்டினா போதும், ஏர் ஃப்ரையர்ல சரியா பண்ணினா அது சுலபமா தாண்டிடும், கூடையை குவிச்சு நிரப்பினா தான் நடுவுல இருக்கற துண்டு ஜில்லுன்னே இருக்க வாய்ப்பு.

ஆயிடுச்சான்னு பாக்க கடிகாரத்தை விட ஆவியை பாருங்க. கூடையை இழுக்கறப்ப குப்புன்னு வெள்ளையா ஆவி வந்தா இன்னும் தண்ணி போயிட்டு இருக்கு, சிவக்கற கட்டம் வரல. ஆவி மெலிஞ்சு, குலுக்கறப்ப சத்தம் சலசலன்னு லேசா மாறி இருந்தா இனிமே ரெண்டு மூணு நிமிஷம் தான், பக்கத்துலயே நில்லுங்க, பொன்னிறத்துக்கும் கருகறதுக்கும் நடுவுல இருக்கற நேரம் ரொம்ப சின்னது. எடுத்ததும் ஆழமான கிண்ணத்துல குவிக்காம, மூடி போடாம, அகலமான தட்டுல பரப்பி வைங்க. உள்ள இன்னும் பாதிக்கு மேல தண்ணி இருக்கு, அது சூடு ஆறுற வரைக்கும் ஆவியா வந்துட்டே தான் இருக்கும், மூடினீங்கன்னா மூடில பட்டு திரும்ப காய் மேலயே சொட்டும்.